கரையான் தொடாத மூங்கில்

அது மீன்பிடிக்கிற கம்பு இல்ல தம்பி. எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. கண்டக்டரு வேற, இது கர்ட்டன் கம்பியா, லக்கேஜ் போடணுமான்னு கேட்டுட்டுப் போறாரு. அம்புங்க. வில்லு அம்பு இருக்குல்ல, அந்த அம்பு. பயப்படாதீங்க, முனையெல்லாம் கழட்டி வச்சாச்சு. நீங்க ஜன்னல் ஓரத்துலயே உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது.

திருச்சி வரைக்குமா? நானும் திருச்சிதான். திருச்சிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். நடுவுல திருமயத்துல இறங்கணும்னும் ஒரு பேச்சு இருக்கு. என் பொண்ணு வள்ளிக்கண்ணை அங்கதான் குடுத்திருக்கு. இன்னைக்கு அவளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். வீட்டுக்காரி காலையிலயே சீர்த்தட்டோட வேன்ல போயாச்சு. நான் வர்றேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் இறங்கணுமா வேண்டாமான்னு. வெளியாளு சொன்னாத்தான் நியாயமா இருக்கும்.

நான் மரக்கடை சாத்தையா. நாப்பது வருஷமா மரக்கடை. ஒரு கட்டையைத் தட்டிப் பாத்தேன்னா அது எந்தக் காட்டுல நின்னுச்சு, எந்தப் பக்கம் வெயில் பட்டுச்சுன்னு சொல்லிருவேன். நான் சொன்னதை இதுவரைக்கும் எவனாவது மறுத்துப் பேசியிருக்கானா? என் கடைக்குள்ள நின்னுக்கிட்டு மறுத்துப் பேசினவனுக்கு நான் மரமே குடுத்ததில்ல.

கடையைப் பையன் கையில விட்டுட்டு சும்மா இருக்கப் பிடிக்கல. மரபு வில் மன்றம்னு ஒண்ணு ஆரம்பிச்சேன். ஞாயித்துக்கிழமை காலையில பொட்டல்ல வைக்கோலை அடுக்கி வச்சுக்கிட்டு அம்பு விடுறது. வந்தவங்க எல்லாம் என்னை மாதிரித்தான், ரிட்டயர்டு ஆனவங்க, சர்க்கரை இருக்கிறவங்க. டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு. வைக்கோல்ல குத்தின அம்பை எடுக்கப் போயிட்டு வந்தா நடந்த மாதிரி ஆச்சு. குத்தாத அம்பைத் தேடப் போனா இன்னும் நல்லா நடந்த மாதிரி ஆச்சு. மன்றத்துலயே எனக்குத்தான் சர்க்கரை நல்லா இறங்குச்சு.

என் சம்பந்தி அடைக்கலமும் அதுல ஒரு ஆளு. வள்ளிக்கண்ணோட மாமனாரு. பூர்வீகம் நம்ம ஊருதான், வீடு கட்டினது திருமயத்துல. மின்சார வாரியத்துல கம்பம் ஏறி ஏறியே ரிட்டயர்டு ஆனவரு. மொபெட்டுல வில்லைக் குறுக்க கட்டிக்கிட்டு வருவாரு, எதுத்தாப்புல வர்ற லாரிக்காரன்கூட ஒதுங்கித்தான் போகணும். வாய் ஜாஸ்தி. அம்பையெல்லாம் நகைக்கடைத் தராசுல எடை போட்டுக் கொண்டாந்தேன்னு ஒரு நாள் பெருமையடிச்சாரு. செய்கூலி, சேதாரம் போட்டானான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சேந்து சிரிச்சாரு. அந்தாளுகிட்ட எனக்குப் பிடிக்காதது அதுதான். நாம குத்தினா குத்தின மாதிரியே இருக்காது.

இப்ப மகர்நோன்புக்கு வர்றேன். விஜயதசமி சாயங்காலம் சாமி குதிரையில பொட்டலுக்கு வரும், குருக்கள் திசைக்கு ஒண்ணா அம்பு போடுவாரு. அது இந்தப் பக்கம் பல ஊருல உண்டு. நம்ம ஊருல அதுக்கு மேல ஒண்ணு உண்டு. ஊர்க்காரன் ஒருத்தனுக்குத் தலையில பரிவட்டம் கட்டி, நட்டு வச்சிருக்கிற வாழைமரத்துல ஒரே ஒரு அம்பு எய்யச் சொல்லுவாங்க. அந்த அம்பைப் பிடுங்கி, அரிவாளால நார் நாராப் பொளந்து, வீட்டுக்கு ஒரு சிராய் குடுப்பாங்க. அதை அரிசிப் பானையில போட்டு வச்சா வருஷம் பூரா பானை வத்தாது. எய்யற ஆளு யாருன்னு இந்த வருஷம் மன்றத்துலயே போட்டி வச்சு அனுப்பச் சொல்லிட்டாங்க கோயில்ல.

பரிவட்டம் தம்பி, ஊரே பாக்க! அந்த ஊருல எத்தனை வீட்டுக்கு நான் நிலைக்கதவு குடுத்திருப்பேன். ஒருத்தனாவது கதவைத் திறக்கும்போது சாத்தையாவை நினைச்சிருப்பானா? பரிவட்டத்தோட நின்னா நினைச்சுத்தானே ஆகணும். ஆசைப்பட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ரொம்பவே ஆசைப்பட்டேன்.

மன்றத்துக்குத் தலைவர் நான், சட்டம் எழுதினதும் நான். ஒரே சட்டம்தான். மண்ணுல முளைச்சதுதான் அம்பு. அலுமினியம் கூடாது, ஃபைபர் கூடாது, கார்பன் கூடாது. மரபுன்னா மரபா இருக்கணும்ல.

சரி, மண்ணுலதான் ஆயிரம் முளைக்குதே, அதுல எதை எடுக்கிறது? இங்கதான் ஆராய்ச்சி. அம்புத் தண்டு நேரா இருக்கணும், கனம் கம்மியா இருக்கணும், கொஞ்சம் வளைஞ்சும் குடுக்கணும். வில்லை விட்டுக் கிளம்புற அம்பு மீன் மாதிரி நெளிஞ்சுதான் போகும். நெளியாத தண்டு வில்லுல முட்டி ஓரமாப் போயிரும். இதெல்லாம் அடைக்கலம் சொன்னதுதான். ஆனா அவரு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

நான் முதல்ல தேக்குல செஞ்சேன். தேக்கை விட ஒசந்த மரம் ஏது? கடைசல் பிடிச்சு, பாலிஷ் போட்டு, கட்டில் கால் மாதிரி பளபளன்னு இருந்துச்சு. எய்தேன். போச்சு. போகலேன்னு யாரும் சொல்ல முடியாது. பாதி வழியில ஒரு பெரிய மனுசன் உக்கார்ற மாதிரி உக்காந்துருச்சு. அடைக்கலம் சொல்றாரு, "சம்பந்தி, அதைச் சுவத்துல அடிச்சா சட்டை மாட்டலாம்"னு. பாத்தீங்களா வாயை? கோளாறு வில்லுலன்னு நான் சொல்லிட்டேன். வில்லு சரியில்லேன்னா தேக்கு என்ன செய்யும் பாவம்.

பெறகு சவுக்கு. பச்சையா இருக்கும்போது நேராத்தான் இருந்துச்சு, காயக் காய இந்த ரோடு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் நாட்டு மூங்கில். மூங்கிலை மாசக்கணக்குல நிழல்ல போட்டுக் காயவிடணும், தணல்ல காட்டி வளைவெடுக்கணும், கணுவைச் சீவணும். நமக்கு எங்க அம்புட்டுப் பொறுமை? வெட்டின வாரமே வீட்டு கேஸ் அடுப்புல காட்டிட்டேன். பால் பொங்குற நேரம். அன்னைக்கு வீட்டுக்காரி பேசின பேச்சுல வளைஞ்ச மூங்கிலெல்லாம் தானா நிமிர்ந்திருக்கணும்.

அடைக்கலம் என்ன செஞ்சாருங்கிறீங்க? கண்மாய்க் கரையில போயி நாணல் தட்டையை அறுத்துட்டு வந்தாரு. வேலிக்கு வைக்கிற சாமான். அதைக் காயப்போட்டு, ஒவ்வொண்ணா உருட்டிப் பாத்து, கோணலை எல்லாம் அடுப்புக்குப் போட்டுட்டு, தேறினதை மட்டும் வச்சுக்கிட்டாரு. நாணல் உள்ள ஓட்டையா இருக்கும்ல, அதனால முன்னாடி ஒரு வேலங்குச்சியைச் செருகி, வாய் பொளந்துக்காம நூலால சுத்தினாரு. கையில எடுத்தா எடையே தெரியாது. விட்டாருன்னா சத்தமில்லாம போயிக் குத்தும். ஆனா புல்லு தம்பி அது! மரக்கடைக்காரன் நான் இருக்கும்போது புல்லை எய்து ஒருத்தன் பரிவட்டம் கட்டுறதா? கேட்டேன். "மூங்கிலும் புல்லுதான் சம்பந்தி"ன்னாரு. இதைக் கேட்டுட்டு நான் சிரிக்காம வேற என்ன செய்யறது?

அந்தச் சமயத்துல வள்ளிக்கண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. இதெல்லாம் போன்லயே வாங்கலாம்ப்பான்னு காட்டினா. மூங்கில் அம்பு போட்டோ. என்ன நிறம், என்ன கணு! இதையே போடுன்னேன். அவ படிச்சுப் பாத்துட்டு, "அப்பா, இதுல கார்பன்னு போட்டிருக்குப்பா"ன்னா.

"ஏம்மா, விறகை எரிச்சா என்ன வருது?"

"கரி."

"கரின்னா என்ன?"

"கார்பன். அதுக்காக..."

"அப்ப மூங்கிலுக்குள்ள கார்பன் இருக்குமா, இருக்காதா?"

புள்ள அப்பவே ஆர்டரைப் போட்டுட்டா. இன்ஜினியரிங் படிச்ச புள்ள.

அம்பு வந்துச்சு தம்பி. நூல் பிடிச்ச மாதிரி. எல்லா அம்புலயும் கணு அதே அதே இடத்துல, இம்மி பிசகல. எப்பேர்ப்பட்ட தோப்பா இருக்கணும், ஒரு வீட்டுப் புள்ளைங்க மாதிரில்ல வளத்திருக்கான்! தட்டிப் பாத்தேன், டிங்குன்னுச்சு. நல்லாக் காஞ்ச மூங்கில்தான் அப்படிப் பேசும். மழையில நனைஞ்சுது, சொட்டுத் தண்ணி உள்ள இறங்கல. பின்னாடி இறகு மஞ்சக் கலர்ல வழவழன்னு இருந்துச்சு, வடக்க குளிர்ல இருக்கிற ஏதோ பறவை. கடை மூலையில வச்சிருந்தேன். அந்த மாசம் கரையான் வந்து ஜன்னல் சட்டம், ரீப்பர் கட்டை எல்லாத்தையும் அரிச்சிருச்சு, இதை மட்டும் தொடல. கரையானுக்கே மரியாதை தெரிஞ்சிருக்கு.

போட்டி நடந்துச்சு. அடைக்கலம் விட்டது எல்லாம் நடுவுல. எனக்கு ஒண்ணு தவறிப் போச்சு, கண்ணுல தூசி. முடிவு சொல்றதுக்கு முன்னாடி சட்டப்படி பாக்கணும்ல, அவரு அம்பை வாங்கி நூலைப் பிரிச்சுப் பாத்தேன். நைலான்!

"நைலான் எந்த மண்ணுல முளைக்குது சம்பந்தி?"

"நூலுதானே சம்பந்தி. தண்டு நாணலு."

"சட்டம் சட்டம்தான்"னேன். தள்ளுபடி. அவரு அம்பையெல்லாம் பொறுக்கி மொபெட்டுல கட்டினாரு. "சரி, நீங்களே கட்டுங்க சம்பந்தி. உங்க மூஞ்சிக்கு நல்லாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாலாவது எனக்குத் திருப்தியா இருந்திருக்கும்.

மறுநாள் வள்ளிக்கண்ணு போன்ல அழுவுறா. "நூலுக்காகவாப்பா? மாமா ஒண்ணும் சொல்லல, அத்தை என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. நான் இந்த வீட்டுல இருக்கணும்லப்பா"ன்னா. சட்டத்துக்கு சம்பந்தி கிடையாதும்மான்னு சொன்னேன். நல்லா இருக்குல்ல? மன்றத்துலயும் அதைச் சொன்னேன், ஒருத்தனும் கைதட்டல.

மகர்நோன்பு அன்னைக்குப் பொட்டல்ல கூட்டம்னா கூட்டம். எனக்குப் பரிவட்டம் கட்டினாங்க. மைக்கைக் குடுத்தாங்க, நாலு வார்த்தை பேசுங்கன்னு. மூங்கிலுக்கு உசுரு இருக்கு, அது எய்யறவன் கையில துடிக்கிறது எனக்குத் தெரியுதுன்னு பேசினேன். எய்தேன். வாழைமரத்துல அந்தப் பக்கம் முனை தெரியுது! பொம்பளைங்க குலவை போட்டாங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு தம்பி. பொய் சொல்லல, கண்ணு கலங்கிருச்சு.

அம்பைப் பிடுங்கி, பொளக்கிறதுக்குக் கோயில் ஆளு அரிவாளைப் போட்டான். கிணுக்குன்னு ஒரு சத்தம். பொளக்கல. திருப்பிப் போட்டான், அரிவாள் வாய்தான் போச்சு. கல்லு மேல வச்சு நச்சுனான். மேல் தோல் காகிதம் மாதிரி சுருண்டுக்கிட்டு வருது, கணுவோட சேத்து வருது. உள்ள கன்னங்கரேல்னு முடி முடியா நிக்குது. கூட்டத்துல எவனோ "ஸ்டிக்கர்டா!"ன்னு கத்துறான். மரியாதை தெரியாத குரல். ஒருத்தன் சிரிச்சான், பத்துப் பேரு சிரிச்சாங்க, பொட்டலே சிரிச்சுச்சு. பொம்பளைங்க மட்டும் சிரிக்கல, சிராய் வாங்க முந்தானையை ஏந்திக்கிட்டே நிக்குறாங்க.

எய்த வேகத்துல சூடாகி உள்பக்கம் கரியாயிருச்சுன்னு நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அடைக்கலம் கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து மைக்கைப் பிடுங்கிட்டாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "சிரிக்காதீங்கப்பா. அது மூங்கில்தான். உள்ளுக்குள்ள பட்டுப்போன மூங்கில். பட்டுப்போனா இப்படித்தான் கருத்துரும், பொளக்க வராது. சம்பந்தி மேல ஒரு தப்பும் இல்ல, வித்தவன் ஏமாத்திட்டான்."

பட்டுப்போன மூங்கிலாம்! என் மூங்கில்! மைக்குல! ஸ்டிக்கர்னு சொன்னானே, அவனைக்கூட நான் மன்னிச்சிருவேன், விவரம் தெரியாத பய. இவரு சம்பந்தி. மரக்கடைக்காரன் பட்டுப்போன மரத்தை வாங்கினான்னு ஊரைக் கூட்டிச் சொன்னா, அதுக்கு மேல ஒருத்தனை என்ன செய்ய முடியும்? அதைக் கேட்டதும் கூட்டம் சிரிப்பை நிறுத்திருச்சு. பாவம்னு பாக்குறாங்க. சிரிச்சப்பகூட நான் நேராத்தான் நின்னேன். பாவம்னு பாத்தப்பதான் தலை குனிஞ்சுச்சு.

அதோட விட்டாரா? ஒரு நாணல் அம்பைக் கொண்டாந்து என் கையில திணிக்கிறாரு. "பரிவட்டம் உங்க தலையிலயே இருக்கட்டும் சம்பந்தி. இதை ஒரு தடவை எய்யுங்க, எல்லாருக்கும் சிராய் வேணும்ல." பாத்தேன். அதே நைலான் நூலு! சட்டம் எழுதின கையால அதை எய்யறதா? பரிவட்டத்தை நானே அவுத்து குருக்கள் தட்டுல வச்சுட்டு நடந்துட்டேன். பின்னாடி குலவைச் சத்தம் கேட்டுச்சு. அவரு எய்திருக்காரு. வீட்டுக்கு வீடு நாணல் சிராய் போச்சு, என் வீட்டுக்கும் வந்துச்சு. வீட்டுக்காரி கண்ணுல ஒத்தி அரிசிப் பானையில போட்டுக்கிட்டா. அந்தப் பானைச் சோத்தைத்தான் நானும் திங்கிறேன், வேற வழி?

அதுக்குத்தான் திருச்சி. அங்க காலேஜுல மரத்தைப் பத்தியே படிச்ச புரொபசர் ஒருத்தர் இருக்காராம். இது மூங்கில்தான், பட்டுப்போகாத நல்ல மூங்கில்தான்னு அவரு கையால எழுதி வாங்கணும். கோயில் சுவத்துல ஒட்டுவேன். இந்தாங்க, நீங்களும்தான் தொட்டுப் பாருங்களேன். உடைஞ்ச பக்கம் பாத்து. என்ன, குத்திருச்சா? பாத்தீங்களா, மூங்கில் சிராய்தான் இப்படி நறுக்குன்னு ஏறும்! நீங்களே சாட்சி ஆயிட்டீங்க. கருப்பா ஒட்டுதா? அது பஸ் அழுக்கு.

இன்னைக்கேதான் போகணுமான்னு கேக்குறீங்க. புரொபசர் எல்லா நாளும்தான் இருப்பாரு. எனக்கு முடியல தம்பி. மண்டப வாசல்ல அந்தாளு நின்னு, எதுவுமே நடக்காத மாதிரி "வாங்க சம்பந்தி"ன்னு கையைப் பிடிப்பாரு. ஏன்டா இப்படிச் செஞ்சன்னு ஒரு வார்த்தை திட்டுவாருன்னா நான் எப்பவோ போயிருப்பேன். திட்ட மாட்டாரு. அதை எப்படித் தாங்குறது? கையில எழுத்து இருந்தா நான் பாட்டுக்குப் போயி நிப்பேன்.

அதோ, கோட்டை தெரியுது. திருமயம் வந்துருச்சு. என்ன சொல்றீங்க? இறங்குங்கங்கிறீங்களா? இம்புட்டு நேரம் கேட்டுட்டு நீங்களும் அவரு கட்சிதானா? இல்ல தம்பி, நான் சரியாச் சொல்லலபோல. அந்த நைலான் நூலு...

ஐயையோ. அந்தாளு நிக்கிறாரு. அதோ, சந்தனம் பூசிக்கிட்டு, புது வேட்டி. வீட்டுக்காரி சொல்லியிருப்பா. எந்த வண்டின்னு தெரியாம ஒவ்வொரு வண்டியா எட்டி எட்டிப் பாக்குறாரு. ஷட்டரை இறக்குங்க தம்பி. இறக்குங்கன்னா! உங்க துண்டைக் கொஞ்சம் குடுங்க.

கத்துறாரு, கேக்குதா? "சாத்தையா அண்ணன் இருக்காரா இந்த வண்டியில? மரக்கடை சாத்தையா! அப்பா வந்தாத்தான் மணையில உக்காருவேன்னு புள்ள நிக்குதுங்க!" சத்தம் குடுத்துராதீங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். விசில் அடிச்சாச்சுல்ல? கிளம்பிட்டான்ல?

போயிருச்சு. மெதுவா ஷட்டரைத் தூக்கிப் பாருங்க. நிக்கிறாரா இன்னும்? பின்னாடி வர்ற வண்டிகிட்டப் போயிட்டாரா? போவாரு. திருச்சி வண்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும், எல்லாத்துலயும் போயி எட்டிப் பாப்பாரு. பாக்கட்டும்.

புள்ளதான். ஏழு மாசப் புள்ளத்தாச்சி, எம்புட்டு நேரம் நிப்பா? எல்லாரும் சொன்னா உக்காந்துருவா. பிடிவாதம் பிடிக்கிற புள்ள இல்ல அது. உக்காந்துருவால்ல தம்பி?